ஜெபக்குறிப்பில் பெயர் இருந்தது, வீட்டில் ஆள் இல்லை: ஒரு சபையின் விசாரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

எழுதுவதற்கு முன்

இது நடுத்தர அளவுள்ள ஒரு சபையில் ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் நடந்தது. சபையாரை வீட்டில் போய்ப் பார்த்து நலம் விசாரிக்கிற சந்திப்புக் குழுவில் குறிப்பெடுக்கிற வேலை என்னிடம் இருந்ததால் நான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட அக்கா இதை வாசித்துப் பார்த்து, ஓரிரு இடங்களை வெட்டச் சொல்லி, மீதியைப் போடலாம் என்று சொல்லிவிட்டார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். நடந்த வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

பின்னணி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அன்பில்லாத சபை இல்லை. ஆராதனை முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள், வாசலில் அரை மணி நேரமாவது பேச்சு ஓடும். புதிதாக யாராவது வந்தால் குறைந்தது நாலு பேராவது போய்க் கைகொடுப்பார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ ஒரு நிதி இருக்கிறது. வாரந்தோறும் ஜெபக்குறிப்புப் பட்டியலில் வியாதியஸ்தர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். இருநூறு பேருக்கு ஒரே போதகர், கூட மூப்பர்கள் சிலர். எந்தச் சபையிலும் பார்க்கக்கூடிய அமைப்புதான்.

அக்காவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இருபது வருடத்துக்கு மேல் ஞாயிறு பள்ளி ஆசிரியை. இன்றைக்குப் பாடல் குழுவில் நிற்கிற பாதிப்பேர் சின்ன வயதில் அவரிடம் மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். அவருடைய கணவர் அப்படி இல்லை. பண்டிகை நாட்களில் மட்டும் வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். மகன் தொலைவில் வேலையில் இருக்கிறான்.

ஒருநாள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சில வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதல் ஒரு மாதம்

சபை திரண்டது என்றே சொல்ல வேண்டும். முறைபோட்டுச் சாப்பாடு போனது. பெண்கள் ஐக்கியம் கூட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபித்தது, வாலிபர்கள் தனியாக ஒருநாள் போனார்கள், போதகர் இரண்டு முறை போனார். ஒரே மாலையில் மூன்று குழுக்கள் அந்த வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்ட கதையும் உண்டு. கிளம்பும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்கக்கா."

அவர் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் சந்திப்புகள் குறைந்தன. யாரும் வேண்டுமென்று விடவில்லை, அவரவர் வேலை, அவரவர் வீடு. இன்னொரு குடும்பத்தில் விபத்து நடந்ததும் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாவது மாதத்தில் அந்த வீட்டுக்குச் சபையிலிருந்து யாரும் போகவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் கணவரின் பெயர் பட்டியலில் தவறாமல் வாசிக்கப்பட்டது. இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்ட ஒவ்வொருவரும், அந்த வீட்டை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று நம்பினோம். பட்டியலில் பெயரே இல்லாமல் இருந்திருந்தால், "அவங்க எப்படி இருக்காங்க?" என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

யார் கவனித்தது

போதகரோ மூப்பரோ கவனிக்கவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு மாதாந்திர அட்டவணை போடுகிற ஒரு சகோதரிதான் கவனித்தார். கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். அக்காவின் வகுப்புக்கு எதிரே தொடர்ந்து வேறு பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோமே, இதை யார் தீர்மானித்தது என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. போன் செய்தார். "நல்லா இருக்கேன்மா, கர்த்தர் நடத்துறார்" என்று பதில் வந்தது. மறுவாரமும் செய்தார், அதே பதில். மூன்றாவது வாரம் போன் செய்யாமல் நேரிலேயே போய்விட்டார்.

அந்த வீட்டில் பார்த்தது

அவர் பார்த்ததை எங்களிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

அக்கா கட்டிலில் படுப்பதில்லை, கணவரின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்காக இரவு முழுவதும் அலாரம். பெரிய உடம்பைத் தனியாளாகப் புரட்டிப் புரட்டி அவருக்கு இடுப்பு வலி. மருந்து வாங்கப் போவதைத் தவிர வெளியே கால் வைத்துப் பல வாரம் ஆகியிருந்தது.

கணவரின் நிலைமை எங்களில் யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பேச முடியாதே தவிர, பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. நாங்களோ அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவர் அங்கே இல்லாததுபோல, "இனி எந்திரிப்பாரா?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறோம். இன்னொன்று. பக்கவாதம் வந்த சிலருக்கு உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற மூளைப்பகுதி பாதிக்கப்படும், துக்கமோ காரணமோ இல்லாமலே அழுகை வெடித்துக்கொண்டு வரும். பெண்கள் ஐக்கியம் உரக்கப் பாடியபோது அவர் தேம்பித் தேம்பி அழுதார். "ஆண்டவர் தொட்டுட்டார்" என்று வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். அவரை அமைதிப்படுத்த அக்காவுக்கு அதற்கப்புறம் வெகுநேரம் பிடித்திருக்கிறது. அவர் அழுததில் ஆண்டவரின் கை இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் கூட இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உதவி கேட்காததற்குக் காரணங்களும் மெல்ல வெளிவந்தன. எது வேண்டும் என்று சொல்லவேண்டுமானால் முதலில் யோசிக்க வேண்டும், யாரைக் கூப்பிடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் முகம் எப்படி மாறுமோ என்று பயப்பட வேண்டும். அதற்கெல்லாம் அவரிடம் தெம்பு இல்லை. அதோடு, இத்தனை வருடம் கொடுத்தே பழகிய கை, வாங்குவதற்குக் கூசியது.

கூட்டத்தில் நடந்த பேச்சு

அந்தச் சகோதரி போதகரிடம் சொன்னார், போதகர் மூப்பர்களையும் எங்களில் சிலரையும் கூப்பிட்டார். முதலில் வந்த யோசனை, பெண்கள் ஐக்கியத்தை வைத்து இன்னும் அதிகமாகச் சந்திப்பு முறை போடுவது. அது பழைய மருந்தையே இரட்டை அளவில் கொடுப்பது மாதிரி என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். போதகரே வாரம் ஒருமுறை போகட்டும் என்றார் ஒருவர். பலருக்கும் போதகர் வந்தால்தான் சபை வந்த மாதிரி, மற்றவர்கள் போனால் அது கணக்கில் சேராது. போதகர் யாத்திராகமம் 18-ஐ எடுத்தார். மோசே ஒருவனே உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் கடைசியில் பத்துப் பேருக்கும் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துவிடச் சொன்ன பகுதி.

ஒரு மூப்பர் நியாயமான கேள்வி கேட்டார். "ஒருத்தருக்கு இப்படிச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணுமே, முடியுமா?" இதற்கு அன்றைக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சு அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்துக்குப் போனது. பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவி இறங்கிய அனுபவத்தின் சூடு ஆறாத எருசலேம் சபையிலேயே கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் இன்னும் அதிகமாக அன்புகூருங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடவில்லை, ஏழு பேரைப் பேர் சொல்லி நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யார் பக்கத்திலிருந்து முறுமுறுப்பு வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அதைப் பார்த்துத்தான் நாங்களும், அந்த வீட்டின் குறையைக் கண்டுபிடித்த சகோதரியிடமே பொறுப்பைக் கொடுத்தோம். அவர் தயங்கினார், "எனக்குச் சத்தமா ஜெபிக்கவே வராது" என்றார். ஜெபிக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், நீங்கள் போங்கள் என்றார் போதகர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த வீட்டோடு சபைக்கு ஒரே தொடர்பு ஆள் இருப்பார், அது அந்தச் சகோதரி. யார் போவதானாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டமாகப் போவது நிறுத்தப்பட்டது. சிலருக்கு இது வருத்தம். பாட்டுப் பாடுவது தப்பா என்று கேட்டார்கள். தப்பில்லை, அந்த வீட்டுக்கு அந்தச் சமயத்தில் அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கேட்கும் விதம். "ஏதாவது வேணுமா?" என்ற கேள்வியைக் கைவிட்டோம். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் நான் ஐயாகூட உட்காரட்டுமா, இல்ல வியாழக்கிழமை வரட்டுமா?" என்று கேட்கச் சொன்னோம். அக்கா உடனே "செவ்வாய்" என்றார். மூன்று மாதமாக வராத பதில் அது.

அந்த இரண்டு மணி நேரத்தை அவர் தூங்குவதற்கு எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை ஆள் அனுப்புகிறோம், ஆராதனைக்கு வாருங்கள் என்றும் கேட்டுப் பார்த்தோம், இப்போது வேண்டாம் என்றார். குழுவில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "சபைக்குக் கொண்டுவரத்தானே இவ்வளவும் பண்றோம்?" என்றார். இதில் நான் அவரோடு உடன்படவில்லை, இன்றைக்கும் உடன்படவில்லை. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியை, தேவதூதன் முதலில் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவன் மறுபடியும் படுத்துத் தூங்கவும் விட்டான். ஓரேப் மலைக்குப் போனதும் ஆண்டவர் பேசியதும் அதற்கு அப்புறம்.

கணவரைப் புரட்டுவதற்கும் துடைத்துவிடுவதற்கும் சபைப் பெண்கள் உதவுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆண்கள் இருவரைத் தேடினோம். இயன்முறை மருத்துவர் வருகிற நாளில் அவர்களை வரச் சொல்லி, நோயாளிக்கும் தங்களுக்கும் அடிபடாமல் எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது என்று கற்றுக்கொள்ள வைத்தோம். விழுங்குவதில் சிரமம் இருந்ததால், பயிற்சி இல்லாத யாரும் எதையும் ஊட்டக்கூடாது என்பதும் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜெபக்குறிப்பு சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பது வரை எழுதியிருந்தார்கள். அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனால் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற மனிதரின் உடம்பைப் பற்றி இருநூறு பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. அக்கா வாசித்துச் சம்மதிக்காமல் ஒரு வரியும் போடக்கூடாது என்று முடிவானது.

அதன் பிறகு

சில மாதங்கள் ஒழுங்காக ஓடியது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஆண்கள் இருவரில் ஒருவர், சபையில் யாரோடும் அதிகம் ஒட்டாதவர், சதுரங்கப் பலகை ஒன்றைக் கொண்டுபோனார். அக்காவின் கணவர் இடது கையால் காய் நகர்த்தினார். பல நாள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் விளையாடியிருக்கிறார்கள். துன்பத்தில் கிடந்த யோபைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை, வாயைத் திறந்தபிறகுதான் வம்பு வந்தது. போதகர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோனபோது கணவரும் இடது கையை நீட்டினார். வர முடியாதவர்களுக்கு அப்பத்தையும் பாத்திரத்தையும் உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆதிசபை எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டிர் எழுதியிருக்கிறார், ஆகவே இது புதுப் பழக்கம் ஒன்றுமில்லை. எங்கள் சபையில்தான் விட்டுப்போயிருந்தது.

சிக்கல் வேறு பக்கத்தில் வளர்ந்தது. தொடர்பு ஆளாக இருந்த சகோதரி களைத்துப்போனார். எல்லாமே அவர் வழியாக என்று நாங்கள் வைத்த ஏற்பாடு, எல்லாமே அவர் தலையில் என்று ஆகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும், எடுக்காமல் இருக்க அவருக்கு மனம் வராது. அவர் வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஒருநாள் அவர் போதகரிடம் அழுதுவிட்டார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிற அதே கலாத்தியர் 6-ல், மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க நேரமாகிவிட்டது. அதற்கப்புறம் தொடர்பு ஆட்கள் இருவரானார்கள், மாதம் விட்டு மாதம் பொறுப்பு மாறியது. இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றும் தனியாக எழுதிக் கொடுத்தோம்.

மகன் விஷயம் இன்னும் கஷ்டமானது. அம்மா அவனிடமும் "நல்லா இருக்கோம்" என்றே சொல்லிவந்தார். அவனிடம் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு அக்கா கோபப்பட்டார், சில வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அவரே சரி என்றார். போதகர் போனில் பேசினார். குற்றம் சாட்டாமல், இரவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொன்னார். மகன் அதிர்ந்துபோனான், அடுத்த வாரமே வந்தான், இரவுக்கு ஒரு பராமரிப்பாளரை ஏற்பாடு செய்தான். வாரத்தில் இரண்டு இரவுக்கான செலவைச் சபை நிதி ஏற்றது. விதவைகளுக்குச் சொந்தக் குடும்பம் இருந்தால் முதலில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், சபையின்மேல் பாரம் ஏற்ற வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுவது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் நாமே எல்லாம் செய்வதும் சரியில்லை.

கணவர் அந்த வருடம் முடிவதற்குள் நுரையீரல் தொற்றில் இறந்துபோனார். அடக்க ஆராதனை நிறைந்திருந்தது. இந்தமுறை நாங்கள் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்தோம்: ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், அவர்களுடைய திருமண நாள், அவர் இறந்த தேதி. கூட்டம் வடிந்த பிறகு போக வேண்டிய நாட்கள் இவை.

அக்கா சில மாதம் கழித்து ஆராதனைக்கு வந்தார். ஞாயிறு பள்ளிக்குத் திரும்பவில்லை, திரும்புவாரா என்று நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, புதிதாக வந்த இளம் ஆசிரியைகளுக்குப் பாடம் தயாரிக்க உதவ முடியுமா என்று அட்டவணைச் சகோதரி கேட்டார். "இத்தனை நாள் எல்லாரும் என்னைக் கேட்டது 'எப்படி இருக்கீங்க'ன்னுதான், நீதான் வேலை கொடுத்த" என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

அக்கா சொன்ன குறை

எழுதுவதற்காக அவரிடம் பேசியபோது ஒன்று சொன்னார், வெட்ட வேண்டாம் என்றும் சொன்னார். யாருமே வராத அந்த மாதங்களில் ஞாயிறு ஆராதனையை அவர் போனில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு வாரமும் கணவரின் பெயர் வாசிக்கப்பட்டதைக் கேட்டாராம். "ஜெபிக்கிறாங்கன்னு முதல்ல ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் கோபம் வந்துச்சு. இத்தனை பேருக்கு என் வீட்டு அட்ரஸ் தெரியுமேன்னு."

கைவிட்டுப்போன ஒரு குடும்பம்

அக்காவின் வீட்டில் நாங்கள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த அதே மாதங்களில், ஒரு இளம் தம்பதி சத்தமில்லாமல் சபையை விட்டுப்போனார்கள். அவர்களுக்குக் கரு கலைந்திருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை, பட்டியலிலும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வியாதிக்கு ஏற்பாடு செய்தோம், தெரியாத துக்கத்துக்கு எங்களிடம் வழியே இல்லை. அந்த மூப்பர் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் உறைத்தது.

இப்போது மாற்றியிருப்பது

சபையைப் பன்னிரண்டு பன்னிரண்டு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரை வைத்திருக்கிறோம். யோசனை பழையது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்டு இயக்கத்தார் கூடிவந்த கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் அமைத்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்களுக்கு, உள்ளே மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்தது. அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, அந்த வகுப்புகளையே விசாரிப்பின் அடித்தளம் ஆக்கினார். காரணம் என்னவாக இருந்தாலும், தவறாமல் வாசல்வரை ஒருவர் வந்து நின்றது பலன் கொடுத்தது. எங்கள் ஆட்களுக்குச் சொல்லியிருப்பது, மாதத்தில் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி விசாரியுங்கள், பிரச்சினை இருக்கிற வீட்டை மட்டும் தேடிப் போகாதீர்கள் என்பதுதான்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, வருகைப் பதிவு மாதிரி ஆகிவிடலாம். ஒரு பிரிவில் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. "சந்தித்தேன், நலம்" என்று பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வரி எழுதி வருகிறது. அவரோடு பேச வேண்டும்.

ஜெபக்குறிப்புப் பட்டியலிலும் ஒரு பத்தி சேர்த்தோம். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும், அந்த வாரம் அவரை நேரில் பார்த்தவர் அல்லது அவரோடு பேசியவர் யார் என்று எழுத வேண்டும், அது இல்லாத பெயரை ஆராதனையில் வாசிக்கக்கூடாது என்பது என் யோசனை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் இருக்கிற ஜெபமும் போய்விடுமே என்கிறார் ஒரு மூப்பர், அதுவும் யோசிக்க வேண்டியதுதான். போன வாரப் பட்டியலில் மூன்று பெயர்களுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. மூன்றையும் வாசித்தார்கள். முடித்ததும் போதகர், "இந்த மூன்று வீட்டுக்கும் இன்னும் யாரும் போகவில்லை" என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்கு ஆள் போனது, மூன்றாவது வீட்டுக்கு இன்னும் போகவில்லை.